பேதுருவின் மாமியார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சபை நாடகத்தில் எனக்குப் பேதுருவின் மாமியார் வேடம். காய்ச்சலில் படுத்திருந்து, இயேசு தொட்டதும் எழுந்து பரிமாற வேண்டும், வசனமே கிடையாது. பேதுருவாக வந்த தையல்காரரைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "வாங்க மாப்பிள்ளே, இத்தனை நாளா எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அரங்கமே சிரித்தது. நீங்கள் போனதிலிருந்து உம்மென்றிருந்த என் மகளும் சிரித்துவிட்டாள்.

அப்புறம் போதகர் பேசினார். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீடர் பேதுருவே மூன்று தரம் சொன்னாராம். அப்படியும் இயேசு கொடுத்த பரலோகத்தின் சாவியை அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. இரண்டாயிரம் வருஷமாக அவரிடம்தான் இருக்கிறதாம்.

என்னோடு சண்டை போட்டு நீங்கள் மேஜைமேல் விட்டெறிந்த வீட்டுச் சாவி இத்துடன் வருகிறது. வாசல் கதவு இன்னும் இறுக்கம்தான். தோளால் ஒரு தள்ளு தள்ளுங்கள்.

இப்படிக்கு,
காய்ச்சல் விட்ட உங்கள் மாமியார்