நான் படுத்த படுக்கையாக இல்லை

மகனுக்கு,

நான் உன் சித்தி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பதாக உன் மாமியாரிடம் நீ சொன்னது தப்பு. அவர் என்னைப் போனில் கூப்பிட்டு நலம் விசாரித்தபோதுதான் தெரிந்தது. நான் இருப்பது வேலையில்; உன் அப்பா காலமான பிறகு நானே தேடிக்கொண்ட வேலை இது. மறைக்க என்ன இருக்கிறது?

நீங்கள் இருவரும் சௌக்கியந்தானே? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். முந்தாநாள் கையில் லேசாகச் சுட்டுக்கொண்டேன்.

“வீட்டுல காலை நீட்டி உக்காராம ஏம்மா இங்க வந்து வேகுறீங்க?” என்றார் சூப்பர்வைசர்.

“நான் உக்காந்துட்டா இதையெல்லாம் நீங்க மடிப்பீங்களா தம்பி?” என்றேன்.

பழைய ரேடியோவை அனுப்பு; இங்கே நான் தங்கியிருக்கும் அறையில் சத்தமே இல்லை. மருமகள் என் பருத்திப் புடவைகளையும் மூட்டை கட்டி அனுப்பட்டும். மாமியாரிடம் நீயே நேரில் போய் உண்மையைச் சொல். சொன்ன பிறகு நீயும் மருமகளும் என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, நாள் முழுக்க அறையில்தான் இருப்பேன்.

அம்மா