தனியாகப் போனவன் கதை

1957 செப். 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை பஸ் முக்கால் மணி தாமதம். தேயிலைத் தோட்டப் பள்ளியில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு. ஒன்பது பேர். சாக்பீஸ் பெட்டி நனைந்து போச்சு, பலகையில் எழுத முடியவில்லை. அதனால் பஸ்ஸில் படித்து முடித்த ஆங்கில நாவலைக் கதையாகச் சொன்னேன்.

எங்கேயோ ஒரு நாடு. அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதுதான் அங்கே உண்மை. ஒருவனை இறந்தவன் என்று எழுதிவிடுகிறார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லத் தினமும் பதிவுக் கந்தோர் வாசலில் நிற்கிறான். கடைசியில் அவனுக்கே சந்தேகம். தன் மரணச் சான்றிதழில் தானே கையெழுத்துப் போடுகிறான். முற்றும்.

முதலில் பேசியது கொழுந்து பறிக்கும் பாக்கியம்: "அந்தாளு தனியா போனதுதாங்க டீச்சர் தப்பு. நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

செப். 9, திங்கள்

வெயில். வாங்க: மண்ணெண்ணெய், நீல மை, அம்மாவுக்குத் தைலம்.

பாக்கியம் சொன்னதே மனதில். இந்த மாதிரி நாவல்களில் ஏன் எப்போதும் ஒரே ஆள்? பக்கத்து வீட்டார் எங்கே போனார்கள்? அவனோடு வேலை செய்தவர்கள்? எழுதியவர் பயமுறுத்த நினைத்தார், பயந்தேன். ஆனால் அது பாதி உண்மைதானோ.

செப். 10, செவ்வாய்

பள்ளி விட்டதும் பாக்கியம் வந்தாள். முந்தானையில் முடிந்த கடிதம். பிரஜாவுரிமை விண்ணப்பம், வியாழக்கிழமை மாத்தளையில் விசாரணை. உலக யுத்த காலத்தில் மூன்று வருஷம் அவள் இலங்கையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். இதே தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள்! தோட்டத்துப் பழைய பதிவுகளைக் கரையான் தின்றுவிட்டது.

"போக வேணாம்னு இருந்தேங்க. தாள் இல்லாம என்னத்தச் சொல்றது?"

"நாலு பேரோட போகணும்னு நீங்கதானே சொன்னீங்க, அக்கா?"

"அது கதைங்க, டீச்சர்."

"கூப்பிடுங்க. நானும் வர்றேன்."

செப். 12, வியாழன்

லீவு போட்டேன். பாக்கியத்தோடு ஐந்து பெண்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வந்தார்கள். மூன்று மணி நேரம் காத்திருப்பு. அதிகாரி சிங்களவர், களைத்த முகம். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

"தாள் ஏதும் இருக்கா?"

"இல்லீங்க. ஆளுங்க இருக்காங்க."

ஒவ்வொருத்தியாகச் சாட்சி சொன்னார்கள். அவர்களில் மீனாட்சி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது: "யுத்தம் நடக்குறப்ப மண்ணு சரிஞ்சு எங்க காம்பிரா வீடே பொதைஞ்சிருச்சுங்க. எம் புள்ளையக் கையால தோண்டி எடுத்தது இவதாங்க. அந்தப் புள்ள இப்ப கொழுந்துக்குப் போகுது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துக் கேட்டார். பிறகு நிறைய எழுதினார். மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டினார்: "விண்ணப்பதாரர் அக்காலத்தில் இலங்கையில் இருந்திருக்கலாம்."

பாக்கியம் எழுந்துவிட்டாள். "இருந்திருக்கலாம்னு எழுதாதீங்க, ஐயா. இருந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற ஐந்து பேரையும் பார்த்தார். ஒரு சொல்லை வெட்டினார், மேலே வேறு எழுதினார். அப்புறம் அவரே தமிழில்: "சரி, சரி. இருந்தாங்க."

முடிவு தபாலில் வருமாம். பாக்கியம் பஸ்ஸில் இரத்தோட்டை வரைக்கும் வாய் ஓயாமல் பேசினாள்.

செப். 13, வெள்ளி

தூறல். லேசாகக் காய்ச்சல். மணி அடிக்குமுன்பே வகுப்பு வாசலில் மூன்று பெண்கள், மூவர் கையிலும் அதே மாதிரிக் கடிதம். இரண்டு பேருக்கு விசாரணை ஒரே நாளில். காலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும்.