பிள்ளை நித்திரை என்றேன்

நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மொன்றியல்.
ஒக்ரோபர் 4

அன்புள்ள மகள் கஜந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். டொக்டரிடம் போங்கோ என்றால் கேட்கிற மனிதரா அவர்? ஹலிஃபாக்ஸில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொல்ல வாய் வராது, அதனால்தான் கடிதம். ஆறுதலாக எழுத்துக்கூட்டிப் படி.

மருத்துவப் படிப்புக்கு நீ இங்கிலீஷில் எழுதிய கட்டுரை கிடைத்தது. பட்ட துன்பத்தை எழுதச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், திகதிகள் சரியோ பாருங்கோ என்று கேட்டிருந்தாய். டோர்வல் எயார்போர்ட்டில் என்னோடு துப்புரவு வேலை செய்யும் சென்னைப் பிள்ளை ஸ்நேகாதான் அதைத் தமிழில் சொன்னாள். "ஆன்ட்டி, படிக்கும்போதே அழுகை வருது, கண்டிப்பா சீட் கிடைச்சிடும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

உன் அண்ணன் பிரசாந் ஷெல் பட்டு என் மடியில் செத்தான் என்று எழுதியிருக்கிறாய். அலுமாரியில் கிடக்கும் அகதிக் கேஸ் ஃபைலைப் பார்த்துத்தானே எழுதினாய்? கேஸ் எழுதித் தந்த பேரின்பநாதன், "காய்ச்சலில செத்தது எண்டால் கேஸ் நிக்காது அக்கா, ஷெல் எண்டு போடுவம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சண்டை முடிந்து வவுனியா முகாமில் கூடாரத்தில் இருந்தோம். அப்பாவை ஆமி பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்திருந்தது. உனக்கு இரண்டு வயது, அவனுக்கு ஐந்து. காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தாயில்லாமல் அம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள், போனதுகள் திரும்புவதில்லை என்று முகாம் முழுக்கக் கதை. ஒருநாள் இளம் டொக்டர் ஒருவர் கூடாரம் கூடாரமாக வந்தார். எங்கள் வாசலில் நின்று, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கோ என்று கேட்டார். நெருப்பாய்க் கொதித்துக் கிடந்தவனைச் சேலையால் மூடிவிட்டு, "இல்லை ஐயா, மகன் நித்திரை" என்றேன். அவர் அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் விடிய, பிள்ளை குளிர்ந்து கிடந்தான். அன்று அதே டொக்டர் அம்புலன்ஸில் ஏற்றிய பக்கத்துக் கூடாரத்துப் பெடியன் ஒரு கிழமையில் சுகமாகித் திரும்பி வந்தான். ஐயோ மகள், அவனைக் கண்டதும் நான் மண்ணில் விழுந்து அலறினேன். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் தெரியும். டொக்டர் வந்ததைச் சொல்லவில்லை.

ஷெல்லை வெட்டிவிடு. அந்தப் பொய்யைச் சொல்லி நாங்கள் இங்கே வந்தது போதும், நீயும் அதைச் சொல்லி டொக்டராக வேண்டாம். உண்மையை எழுதுவதும் விடுவதும் உன் விருப்பம். பழைய கேஸைக் கிளறுவார்களோ என்று பயம்தான். இதைப் படித்த பிறகு நீ என்னை அம்மா என்று கூப்பிடுவாயோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

நீ டொக்டராவாய், பிள்ளையார் கைவிடமாட்டார். அன்றைக்கு உன் முன்னால் ஒரு தாய், என் பிள்ளை நித்திரை என்று சொன்னால் நம்பாதே. சேலையை விலக்கிப் பார், மகள்.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா
சிவமலர்