இருபது விநாடிச் சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

சூனியக்காரி இன்று பதினோரு விநாடிதான் சிரித்தாள். படத்தில் அவள் வாய் இருபது விநாடி திறந்திருக்கிறது. மீதி ஒன்பது விநாடி அவள் வாயை வெறுமனே ஆட்டிக்கொண்டிருக்க, குரல் கொடுக்க வேண்டிய நான் கழிவறைக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, தொண்டையா?" என்றார் டைரக்டர்.

"ஆமா சார், கட்டிக்கிச்சு."

பொய். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை அதற்கு ரொம்பக் கீழே.

நான்கு வருடமாக இந்தக் கார்ட்டூன் சூனியக்காரிக்கு நான்தான் குரல். அலறல், இருமல், பேய்ச்சிரிப்பு எல்லாம் என் பிழைப்பு. மகள் பிறந்த பிறகு ஒரு சொட்டுக் கசிவாக ஆரம்பித்தது. இப்போது நாற்பத்தாறு வயது. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு பேட். அதுவும் போதவில்லை.

மார்ச் 4, புதன்

"சிரிப்பை மட்டும் வேற யாராவது பண்ணட்டுமாக்கா?" என்கிறார் டைரக்டர். என் சிரிப்பை! ஜூனில் அடுத்த பாகம் ரெக்கார்டிங். அதில் சூனியக்காரிக்குக் கல்யாணமாம். சிரித்துக்கொண்டே இருப்பாளாம். என்னால் முடியாவிட்டால் வேஷமே போய்விடும்.

நாலு வருஷம் வளர்த்த சூனியக்காரி. யாரோ வந்து கட்டிக்கொடுப்பதா?

மார்ச் 8, ஞாயிறு

போனில் "சிரிச்சா ஒன்னுக்கு வருது" என்று தேடினேன். வெட்கம்தான். போனுக்குத்தானே தெரியும்.

ஆன்லைனிலேயே, ஒரு ஆப்பில், சிகிச்சை இருக்கிறது! பன்னிரண்டு வாரம். வீட்டிலிருந்தே பயிற்சி செய்யலாம், சந்தேகம் இருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்வார். முதலில் கேள்வித்தாள். எப்போதெல்லாம் கசிகிறது? இருமும்போது - டிக். குதிக்கும்போது - டிக். கனமானதைத் தூக்கும்போது - டிக். "மற்றவை" என்று ஒரு பெட்டி இருந்தது. "இளவரசியைச் சபிக்கும்போது" என்று எழுதினேன்.

மாலையே பிசியோதெரபிஸ்டின் பதில் வந்துவிட்டது. ரத்தம், வலி, எரிச்சல் எதுவும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார். இருந்தால் நேரே டாக்டரிடம்தான் போக வேண்டுமாம். எனக்கு இருப்பது சிரிப்பு, இருமல் என்று வயிற்றில் அழுத்தம் ஏறும்போது வரும் கசிவு. அடி இடுப்புத் தசை தளர்ந்திருக்கிறது. நிறையப் பெண்களுக்கு உண்டாம். யாரும் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் பிளம்பர். ஊருக்கெல்லாம் ஒழுகல் அடைக்கிற மனுஷனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 10, செவ்வாய்

பயிற்சி: காற்றையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். எட்டு எண்ணி, விட வேண்டும். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வெளியே யாருக்கும் தெரியாதாம்.

சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பித்தேன். நான்காவது இழுப்பில் மகள் தட்டை நகர்த்தினாள்.

"எதுக்கும்மா இப்படி முறைக்கிற?"

நான் எண்ணுவதில் ஐந்தில் இருந்தேன். பேச முடியவில்லை.

"சரி சரி, சொல்லிடறேன். கணக்குல முப்பத்திரண்டு. பேப்பரை அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன்."

பயிற்சிக்கு இப்படியும் ஒரு பலன்.

மார்ச் 24, செவ்வாய்

இரண்டு வாரம் ஆச்சு, ஒரு முன்னேற்றமும் இல்லை என்று எழுதினேன். பிசியோதெரபிஸ்ட் வீடியோவில் வந்தார்.

"எழுந்து நின்னு இறுக்குங்க பார்க்கலாம். ம்ம். இப்ப ஒரு அங்குலம் உசந்துட்டீங்களே. அது பின்பக்கம்மா! மூச்சையும் பிடிச்சிருக்கீங்க. மூஞ்சி சிவந்துருச்சு."

பதினான்கு நாளாகத் தப்பான இடத்துக்கு உடற்பயிற்சி. தண்ணீர் குடிப்பதைக் குறைத்ததற்கும் திட்டு வாங்கினேன். பிறகு, "மெதுவா இறுக்குங்க. இப்ப முழுசா விடுங்க. விடறதும் முக்கியம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. கையில் பெரிய ஸ்பானரோடு வீட்டுக்காரர்.

"எங்க ஒழுகுது?" என்றார்.

சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. எதையும்தான். நின்ற இடத்திலேயே நனைந்து, அப்படியே அழுகையும் வந்துவிட்டது. போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் ஸ்பானரை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வாஷர் மாத்தணும்னு சொல்லுவீங்க."

கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருப்பேன்" என்றார்.

அப்புறம் அவரே தரையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "அந்தம்மா சொல்றது சரிதான். சும்மா இறுக்கிக்கிட்டே இருந்தா மரை தேஞ்சிடும். விட்டு விட்டுத்தான் இறுக்கணும்" என்றார்.

இவருக்குப் போய்ப் பயந்தேனே.

ஏப்ரல் 9, வியாழன்

பஸ்ஸுக்கு ஓடினேன். பிடித்துவிட்டேன். கொஞ்சம்தான் கசிந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

செத்தேன்.

காலையில் சவுண்ட் இன்ஜினியர் ஒரு சாம்பிள் குரல் கேட்க என் போனை ஸ்டுடியோ ஸ்பீக்கரோடு இணைத்தார். துண்டிக்க மறந்துவிட்டார். சரியாகப் பதினோரு மணிக்கு, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும் தேன் ஒழுகும் குரல்: "வணக்கம் தோழி! இது நம் பயிற்சி நேரம். சிறுநீரை அடக்குவதுபோல் மெல்ல உள்ளே இழுங்கள்..."

உள்ளே ஆறு பேர். டைரக்டர் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார். பூமி பிளக்காதா என்று நான் கீழே பார்த்தேன். பிளக்கவில்லை. "இன்னும் மேலே... இன்னும் மேலே..." என்கிறது அந்தப் பாவி.

எங்களில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐந்து வயதுப் பையன்களுக்குக் குரல் கொடுப்பார். எல்லோருக்கும் அவர் 'பொடியன்'. அவர்தான் முதலில் பேசினார், மழலைக் குரலிலேயே: "அக்கா, அக்கா, அது என்ன ஆப்?" உடனே சொந்தக் குரலுக்கு இறங்கி, "லிங்க் அனுப்பு. பத்து வருஷமா நான் இருமலுக்குப் பயந்து சாகறேன்" என்றார்.

இளவரசிக்குப் பேசும் பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவளும் மெதுவாகக் கையைத் தூக்கினாள். "எனக்கும்க்கா."

"நிறுத்திடட்டுமா?" என்று இன்ஜினியர் வியர்த்தார்.

"இருப்பா, இன்னும் ஏழு பாக்கி இருக்கு" என்றார் பொடியன்.

மைக் முன்னால் சூனியக்காரி, இளவரசி, பொடியன் மூன்று பேரும் வரிசையாக நின்று ஏழையும் முடித்தோம். டைரக்டர் டீ குடிக்கப் போனவர் அரை மணி நேரம் திரும்பவே இல்லை.

மே 12, செவ்வாய்

புதுப் பாடம்: சிரிப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்க வேண்டும். சாயங்காலம் கூடத்தில் பயிற்சி. இறுக்கு, சிரி. இறுக்கு, சிரி. நாற்பது தடவை. கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?"

"நல்லா இருக்கோம்மா" என்று வீட்டுக்காரர் சொல்லும்போதே உள்ளிருந்து நாற்பத்தொன்றாவது கிளம்பிவிட்டது.

ஜூன் 3, புதன்

சூனியக்காரி கல்யாணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு குரல் நடிகை உட்கார்ந்திருந்தாள். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றார் டைரக்டர். எனக்குப் புரியாதா? பொடியன் மட்டும் கண்ணாலேயே 'உள்ளே, மேலே' என்று ஜாடை காட்டினார்.

இறுக்கினேன். சிரித்தேன். மாலை மாற்றும்போது சிரித்தேன், மாப்பிள்ளையைத் தவளையாக்கும்போது சிரித்தேன், தவளை தாவி ஓடும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். காதில் டைரக்டர்: "அக்கா... அக்கா! படம் முடிஞ்சு ஆறு விநாடி ஆச்சு."

அசையாமல் நின்றேன். ஒரு சொட்டு இருக்கலாம். இருந்தால்தான் என்ன.

அந்தப் புதியவள் ஓடிவந்தாள். "இவ்ளோ நேரம் எப்படிக்கா மூச்சு பிடிச்சீங்க?"

"மூச்சு இல்லடா கண்ணு. நீ எங்க பொடியனைக் கேளு."

ஜூன் 19, வெள்ளி

ஜலதோஷம். காலையிலிருந்து பதினேழு தும்மல். கைக்குட்டை இரண்டும் தொப்பல். வேறெதுவும் இல்லை.