சுத்தமான கழிவு

2025 மார்ச் 4, சிதம்பரம்

கடலூர் சித்த மருந்துக் கம்பெனியிலிருந்து புது மூட்டை வந்தது. கஷாயம் வடித்தபின் மிஞ்சும் நிலவேம்புச் சக்கை. அவர்களே காயவைத்து, பொடித்து, வெள்ளைத் துணியில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். குப்பை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அமிலத்தில் போட்டால் நானோசெல்லுலோஸ் என்னும் நுண்ணிய நார். இந்த முறையும் கூழ் பால் மாதிரி வந்திருக்கிறது.

மார்ச் 11

என் வழிகாட்டி செம்பியன் சார் நிருபரை வரவழைத்து, "குப்பையில் கிடந்த மாணிக்கம்" என்று பேட்டி கொடுத்தார். குடுவையை ஏந்தியபடி படம். அதைக் கழுவி வைத்தவள் படத்தில் இல்லை.

மார்ச் 19

ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை உறுதி. அம்மா இப்போதே மாதாவுக்கு நேர்ந்துகொண்டுவிட்டாள்.

ஏப்ரல் 2

ஆய்வேட்டில் போடுவதற்காகச் சக்கையைப் படமெடுக்க, முதல்முறையாகக் கம்பெனிக்கே போனேன். கொல்லைப்புறத்தில் கறுப்பாக, புளித்த நாற்றத்தோடு, ஈ மொய்க்க ஒரு குவியல். சூப்பர்வைசர் வைத்திலிங்கத்திடம் இது என்ன என்று கேட்டேன்.

"இதாங்க மேடம் சக்கை."

"அப்ப எனக்கு அனுப்புறது?"

"அது நல்ல செடிங்க. ஆராய்ச்சி பண்றவங்க வாய்விட்டுக் கேக்குறீங்க, இந்தக் கருமத்தப் போயி உங்களுக்குக் குடுப்பமா? மொதல் தரமாப் பாத்து அனுப்புன்னு மொதலாளியே சொல்லிட்டாரு."

பெருமை தாங்கவில்லை அவருக்கு. டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

கஷாயத்தையே பார்க்காத செடி! அச்சான என் ஒரே கட்டுரை, ஆய்வேடு, எல்லாம் – அய்யோ. எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? இல்ல, தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேனா? கூழ் வெள்ளையா வந்தாப் போதும்னு இருந்துட்டேன்.

ஏப்ரல் 3

சாரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ரெண்டும் ஒரே செடிதானம்மா. தன்ன வேகவெச்சாங்களா இல்லையான்னு செல்லுலோசுக்கு என்ன தெரியும்?"

"தலைப்புலயே கழிவுன்னு இருக்கே சார்."

"அவன் தூக்கிக் குடுத்துட்டான்ல? அப்ப அவனுக்கு அது கழிவுதான்."

இந்த மூளையை ஆராய்ச்சியில் காட்டியிருந்தால் துறை எங்கேயோ போயிருக்கும்.

ஏப்ரல் 9

ஜூன். வேலை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியுமே.

ஏப்ரல் 16

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதிவிட்டேன். இனி எல்லாம் முதலிலிருந்து. சார் என்னைப் பார்த்தாலே செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். வேலை இப்போதைக்கு இல்லை என்றதும் அம்மா, "ஏன்டி பிரிசில்லா, ஊர்ல கெட்டதக் குடுத்தாத்தான் சண்டைக்குப் போவாங்க. நீ நல்லதக் குடுத்ததுக்குப் போறியா?" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 28

கடலூர் போனேன். வைத்திலிங்கம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் செய்த மரியாதையை நான் மதிக்கவில்லையாம். கெஞ்சிய பிறகு, குவியலின் அடியிலிருந்து மண்வெட்டியால் வாரிச் சாக்கில் போட்டார். "இதுக்கு மேல நாத்தமா வேணும்னா மழை பேஞ்சப்புறம் வாங்க" என்றார்.

சாக்கோடு திரும்பும்போது சிதம்பரம் பேருந்தில் நிற்க இடமில்லாத கூட்டம். என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே வந்தது.