சூடு தெரியாத கால்

கார்த்திகை 9, செவ்வாய்.

என் வீட்டுக்காரருக்குச் செருப்பு கடித்த புண் பத்து நாளாகியும் ஆறவில்லை. சுகர் இருக்கிறதே, டாக்டரிடம் காட்டலாம் என்றால், "செருப்புக் கடிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? நீ மஞ்சப் பத்தப் போடு, காஞ்சிரும்" என்கிறார்.

இன்று சாயங்காலம் அவர் பூட்டுப் பட்டறையிலிருந்து வந்ததும், வழக்கம்போல வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கரண்டியில் காய்ச்சினேன். பால் பொங்கிய அவசரத்தில் ஆறவைக்க மறந்து, அப்படியே பஞ்சில் தொட்டுப் புண்ணில் வைத்துவிட்டேன். என் விரல் சுரீர் என்றது. அவர் காலை இழுக்கவே இல்லை. டிவியைப் பார்த்தபடி, "போட்டு முடிச்சிட்டியா?" என்றார்.

"ஏங்க, சுடலையா?"

"சுடுதா? எங்க?"

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். சிரித்தார். "வலிச்சாத்தானே போகணும்? நீ பத்துப் போட்ட நாள்லருந்து ஒரு வலியும் இல்ல. உன் கைராசி அம்புட்டு."

இப்போது தூங்குகிறார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். என் விரலில் வந்ததைவிடப் பெரிய கொப்புளம். தொட்டேன், அவர் அசையவில்லை.

வலியே இல்லை என்று அவர் சொன்ன ஒவ்வொரு நாளும் எனக்குப் பெருமையாக இருந்தது.