மலைக்கு மண் அள்ளித் தூற்றினார் அம்மா

என் செல்லத் தம்பி நிரோஜன்,

உன்னில் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அகதியாக வந்து குடியேறிய செவ்ரானில், பள்ளிக்கூடம் ஒருமுறை பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போன நாள் தொட்டு உனக்குப் பிடித்த பைத்தியம், ஜப்பான்வரை இழுத்துப்போய் உன்னை விழுங்கியது. கயிறு கட்டி மறித்திருந்த சரிவில் ஏன்டா இறங்கினாய்? அந்த மறிப்பு ஊருக்குத்தான், உனக்கில்லை என்று நினைத்தாயா?

பனி சரிந்து உன்னை மூடிய கிழமையே நான் அங்கே போனேன். மீட்புக்காரர் வரிசையாக நின்று நீளக் கம்பிகளைப் பனிக்குள் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு குத்தும் என் வயிற்றில் இறங்கியது.

விடியற்காலையில் மலையில் வெடி வைத்துப் பனியை உடைத்து விழுத்துவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் சத்தத்துக்கே விடுதிச் சாப்பாட்டறையில் குப்புற விழுந்து, பக்கத்து மேசைக் கிழவியையும் இழுத்து விழுத்திவிட்டேன். கோப்பைகள் நொறுங்கின. குண்டு விழுந்த வன்னியை விட்டு வந்து இத்தனை வருசமாகியும் உடம்பு மறக்கவில்லை. நீ அப்போது என் இடுப்பில் இருந்த குழந்தை, உனக்கு நினைவிராது.

அம்மாவுக்கு உன் உடம்பு வேண்டும். அதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே துரத்தியது. போர் முடிந்த அன்று அப்பாவை ஆமிக்காரர் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. இன்றுவரை அவருக்குத் திவசம் இல்லை, அம்மா பொட்டை அழிக்கவும் இல்லை. இப்போது நீயும் அந்த வரிசையில் சேர்ந்தால் அம்மா எப்படித் தாங்குவார்? உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து எரிக்கலாம் என்று கிரியை செய்யும் ஐயா சொன்னதும், அம்மா செம்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்.

"புல்லை எரிச்சுப்போட்டு என்ர பிள்ளை எண்டு சொல்லச் சொல்லுறியளோ?"

வசந்தத்தில் போனேன். பனி உருகி, ஆறு வெறிபிடித்து மரங்களை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஓடியது. உன் சறுக்குப் பலகைகளில் ஒன்று, நடுவில் முறிந்தபடி கிடைத்தது. வேறொன்றும் இல்லை.

கோடையில் அதே சரிவு முழுக்கப் பூ. கம்பிவடத்தில் உன்னை மேலே ஏற்றிய தொங்கு நாற்காலியில் சனம் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போகிறது. கரடிக்குப் பயந்து இடுப்பில் மணி கட்டச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. வரட்டும், அதையும் ஒரு கை பார்ப்போம் என்றிருந்தது.

இங்கே லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மட்டும் நிம்மதியா? நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் ஒருவர், "பிள்ளை, உன்ர தம்பி அங்கை ஒருத்தியோட ஒளிச்சிருப்பான்" என்று இளித்தார். கையிலிருந்த புடலங்காய் அவர் முகத்தில் முறிந்தது. முதலாளி என்னை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இலையுதிர்காலத்தில் அம்மாவையும் கூட்டிப்போனேன். மலை முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தது. மீட்புக்குழுத் தலைவர் எங்கள் முன் குனிந்து நின்று, கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன்: அடுத்த கிழமை பனி விழும், தேடுவதை நிறுத்துகிறார்கள்.

அம்மா நிலத்தில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். "என்ர பிள்ளையைத் திண்ட மலையே, இடிஞ்சு நாசமாப் போவாய்! உன்ர வயிறு பத்தி எரியும்!" அள்ளி அள்ளித் தூற்றினார். விரல் நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. காற்று அத்தனை மண்ணையும் திருப்பி எங்கள் மூவர் முகத்திலும் அடித்தது. அந்த மனிதர் துடைக்கவில்லை. குனிந்த தலை நிமிரவும் இல்லை.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மனிதரையே உற்றுப் பார்த்தார்.

"இவன் உண்மையாத் தேடினவனோ?"

"ஓம், அம்மா."

"முடிஞ்சுதெண்டு முகத்துக்கு நேரை சொல்லுறான். உன்ர அப்பாவுக்கு இப்பிடி வந்து சொல்ல ஒருத்தனும் இருக்கேல்லை." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஐயாவிட்டைச் சொல்லு, புல்லிலை ரெண்டு ஆள் செய்யச் சொல்லி."

வாற ஞாயிறு வில்லியே லே பெல்லில், சித்தப்பா வீட்டுப் பின்வளவில் எரிக்கிறோம். ஆண்பிள்ளைதான் கொள்ளி வைக்கவேண்டும் என்று சித்தப்பா இழுக்கிறார். இழுக்கட்டும். அப்பாவுக்கும் உனக்கும் நான்தான் வைப்பேன், தம்பி.

உன்னை அடித்து வளர்த்த
அக்கா